ஸ்டேட்மெண்டில் ஐஸ் கடை

அந்தப் பையனுடைய முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுடைய அப்பா வந்து எங்கள் வாசலில் நின்றபோது, மகன் இவரைப் போல இருந்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட என்னிடம் ஒரு முகம் இல்லை.

எத்தனையோ பேர் வந்து போகிற இடம் எங்களுடையது. பொம்மையார்பாளையத்தில் கடலுக்குப் போகும் மணல் பாதையில், சவுக்கு மரங்களுக்கு நடுவில் நாலு அறைகள். சனி ஞாயிறானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். காலையில் இட்லி, கேட்டால் மத்தியானத்துக்கு மீன் குழம்பு. பெயரை நோட்டில் எழுதச் சொல்லி, ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்வேன். கிளம்பியதும் தலையணை உறையை மாற்றிவிட்டு அடுத்தவர்களுக்காகக் காத்திருப்பேன். முகங்கள் தங்குவதில்லை.

நான் பிறந்தது திண்டிவனம். கல்யாணமாகி இங்கே வந்தபோது என் வீட்டுக்காரர் படகுகளுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். திண்டிவனத்திலிருந்து மினி லாரியில் பாளம் பாளமாக ஐஸ் வரும். அதை உடைத்துப் பெட்டிகளில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கடை என் மாமனார் பெயரில் இருந்தது. ஐஸ் ஃபேக்டரிக்குப் பணம் கட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று அந்தக் கடைப் பெயரிலேயே திண்டிவனத்தில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் தொடங்கினோம். பிறகு இவருக்கு முதுகில் வலி வந்தது. இனிமேல் பாளம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐஸ் வியாபாரம் நின்றது. வீட்டை ஒட்டிக் கிடந்த இடத்தில் கடன் வாங்கி அறைகள் கட்டினோம். திண்டிவனத்து அக்கவுண்ட் மட்டும் மூடாமல் அப்படியே இருந்தது.

கார்டு மிஷின் வாங்கியது வெளியூர்க்காரர்களுக்காக. நிறையப் பேர் போனிலேயே பணம் போட்டுவிடுவார்கள் என்றாலும், எங்கள் சவுக்குத் தோப்புக்குள் போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். கார்டுதான் இருக்கிறது, மிஷின் இல்லையா என்று கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள், மிஷின் கொடுக்கும் கம்பெனியிலிருந்து. விருந்தினர் இல்லத்தின் பெயரில் புது அக்கவுண்ட் தொடங்க வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"அதுக்கு நாளாவும் அக்கா. லைசென்ஸ் காப்பி கேப்பாங்க, அது கேப்பாங்க, இது கேப்பாங்க. இருக்கிற கரண்ட் அக்கவுண்ட்டுலயே போட்டுடலாம். பேரு எதுவா இருந்தா இன்னா, துட்டு உங்களுக்குத்தான வரப்போவுது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மிஷினை மேஜைமேல் வைத்து அவள் பொறுமையாக விளக்கினாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரை கார்டைத் தேய்த்தால் பணம் நேராக நம் அக்கவுண்டில் வந்து விழும் என்றுதான் நினைத்திருந்தேன். "அப்படி இல்ல அக்கா. மிஷின் மொதல்ல எங்க கம்பெனியக் கேக்கும். கம்பெனி கார்டு நெட்வொர்க்கக் கேக்கும். அது கார்டு குடுத்த பேங்கக் கேக்கும், இந்த ஆள் கணக்குல இவ்ளோக்கு எடம் இருக்கான்னு. இருக்குதுன்னு பதில் வந்தா சீட்டு வரும். அந்தச் சீட்டு வெறும் வாக்குதான். சாயங்காலம் நீங்க செட்டில்மெண்ட் பட்டனை அமுக்கினாத்தான் வாக்கு துட்டாவும். மறுநாள் கமிஷன் போக மீதி உங்க அக்கவுண்ட்ல ஏறும்."

"அமுக்க மறந்துட்டா?"

"அடுத்த நாள் அமுக்குங்க. தேதி ஒண்ணு தள்ளிப் போவும், வேற ஒண்ணும் ஆவாது."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பேரும் தேதியும் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தப் பையன் ஒரு வியாழக்கிழமை மாலை பைக்கில் வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கலாம். தனியாக வருகிறவர்களுக்கு அறை கொடுக்க நாங்கள் கொஞ்சம் யோசிப்போம். கடல் பக்கத்தில் இருக்கிறதல்லவா, எந்த மனநிலையில் வருகிறார்களோ என்று பயம். என் வீட்டுக்காரர் நேராகவே கேட்டுவிட்டார்.

"இன்னா தம்பி, தனியா வந்துகினு இருக்கீங்க?"

"ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட்டுண்ணா. மாசக்கணக்கா தூக்கம் இல்ல. ரெண்டு நாள் தூங்கிட்டுப் போயிடறேன்."

சொன்ன மாதிரியே தூங்கினான். வெள்ளிக்கிழமை இட்லிக்குக் கூப்பிட்டபோது கதவு திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். குப்புறப் படுத்து, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மத்தியானம் எழுந்து வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். கடல் பக்கம் போனானோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினான். போனில் பணம் போடப் பார்த்தான், சுற்றிக்கொண்டே இருந்தது. கார்டை எடுத்தான். மிஷினிலும் சிக்னல் இல்லை. சிக்னலுக்கு நாங்கள் எப்போதும் செய்கிற வேலைதான்: மிஷினை எடுத்துக்கொண்டு ஈசிஆர் ரோடு வரை நடப்பது. அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். மிஷினைத் தூக்கிப் பிடித்தபடி நான் நடப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"குடுங்கக்கா, நான் ஒயரமா இருக்கேன்" என்று வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

அந்தக் கை எனக்கு ஞாபகமிருக்கிறது. நீல நிறச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். தூக்கிய கையில் மிஷினின் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கருவாடு காய வைத்திருந்த இடத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, என்ன மீன் என்று கேட்டான். சொன்னேன். "நல்லா தூங்கினேன்கா. இவ்ளோ தூங்குவேன்னு எனக்கே தெரியாது" என்றான். ரோட்டோரத்தில் சிக்னல் வந்தது. கார்டை மிஷின்மேல் காட்டினான். சின்னத் தொகை என்பதால் பின் நம்பர் கேட்கவில்லை. அப்ரூவ்டு என்று வந்து சீட்டு வெளியே வந்தது. அவனுக்கு ஒரு சீட்டு கிழித்து நீட்டினேன். "வேணாம்கா" என்றான். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோப்புக்குத் திரும்பிப் போய் பைக்கை எடுத்தான். அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும்.

அன்று சாயங்காலம் மழை, கரண்ட் இல்லை. செட்டில்மெண்ட் அனுப்பவில்லை. ஞாயிறு முழுக்க ஆட்கள். திங்கட்கிழமை கோட்டக்குப்பம் கடைக்குப் போகும்போது மிஷினையும் எடுத்துப் போய், அங்கே நின்று அனுப்பினேன்.

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. ஒரு பரிவர்த்தனையைக் கார்டுக்காரர் மறுத்திருக்கிறார், அந்தத் தொகையை உங்கள் அடுத்த செட்டில்மெண்டிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறோம், குறித்த தேதிக்குள் ஆதாரம் கொடுக்க வேண்டும். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விழுப்புரத்துப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"டிஸ்ப்யூட் போட்டிருக்காங்க அக்கா. இந்தச் செலவு நாங்க பண்ணலன்னு அவங்க பேங்க்ல எழுதிக் குடுத்துக்கறாங்க. சீட்டு, ஐடி காப்பி, பில்லு எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்க. நாங்க அவங்க பேங்குக்கு அனுப்புவோம். அவங்க பாத்து முடிவு சொல்லுவாங்க."

"யாரு போட்டதுன்னு சொல்லேன்."

"அதை எங்களுக்கே சொல்ல மாட்டாங்க அக்கா. கார்டு நம்பர்ல கடைசி நாலு எண்ணு மட்டும்தான் தெரியும்."

சீட்டுகளைப் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். அந்த நாலு எண்ணும் அந்தப் பையனுடைய சீட்டில் இருந்தன. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தூங்கினான், தின்னான், இப்ப வரவே இல்லன்றானா. நல்ல பேஜாரு" என்றார். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். மிஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவன் இப்படிச் செய்வான் என்று தோன்றவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கும், கேட்டுவிடலாம் என்று நோட்டில் இருந்த அவன் நம்பருக்குப் போட்டேன்.

பெரியவர் ஒருவருடைய குரல் எடுத்தது.

"தம்பி இருக்காருங்களா?"

"இல்லீங்க."

"எப்ப வருவாருங்க?"

"நீங்க யாரும்மா?"

பொம்மையார்பாளையத்திலிருந்து பேசுகிறேன், தம்பி எங்கள் அறையில் வந்து தங்கியிருந்தார், கார்டு விஷயமாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றேன்.

"என் பையன் செத்துப்போயிட்டாம்மா" என்றார் அவர். "அவன் அங்கெல்லாம் வரல. அவன் மெட்ராஸ்ல வேல செய்யறான். திண்டிவனத்துல ஆக்சிடெண்ட்டு. ஒரு சனிக்கிழமை." எந்தச் சனிக்கிழமை என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என்ன என்ன என்று கையாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமைக் காலையில்தான் ஐயா எங்களிடமிருந்து கிளம்பினார் என்று சொன்னேன். கார்டில் பணம் கொடுத்துவிட்டுப் போனார் என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"கார்டுல எங்கம்மா உங்க பேரு இருக்குது? என்கிட்ட ஸ்டேட்மெண்ட் இருக்குது. ஐஸ் கடைன்னு போட்டுக்குது. திண்டிவனம்னு போட்டுக்குது. தேதி திங்கக்கிழமை. சனிக்கிழமை செத்தவன் திங்கக்கிழமை எப்படிம்மா ஐஸ் வாங்குவான்?"

பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். பர்ஸ் வந்தது, போன் வந்தது, கார்டு மட்டும் வரவில்லை. ரோட்டில் கிடந்த பிள்ளையின் பையிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். அது நீங்கள்தானா என்று கேட்டார். நான் ஐஸ் கடையின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று நாங்கள் சமைக்கவில்லை. அவன் நோட்டில் எழுதிய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் விழுப்புரம் என்று எழுதியிருந்தான். எழுதியபோது அதை நான் கவனிக்கவே இல்லை. இங்கிருந்து வளவனூர் வழியாக ஒரு மணி நேரம்தான். வீட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போகாமல் எங்களிடம் தூங்கிவிட்டுப் போயிருக்கிறான்.

கம்பெனிக்கு அனுப்ப எடுத்த போட்டோக்களை, என்ன நினைத்தேனோ, அந்த நம்பருக்கும் அனுப்பினேன். சீட்டு, ஆதார் நகல், நோட்டில் அவன் எழுதிய வரி, கையெழுத்து. நீண்ட நேரம் கழித்து, பார்த்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலையில் அவரே வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை. கோட்டக்குப்பத்தில் பஸ் இறங்கி வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"கையெழுத்து அவன்துதான்" என்றார். "எந்த ரூம்மா?"

அறையில் வேறு யாருமில்லை. திறந்துவிட்டேன். கட்டில், மின்விசிறி, ஜன்னல், சுவரில் ஒரு ஆணி. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத அறை. அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பின் எத்தனையோ பேர் அதில் படுத்து எழுந்துவிட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவருக்கும் தெரியாமலில்லை.

"மனசு ஒடஞ்சி இருந்தானாம்மா? மறைக்காம சொல்லு."

"இல்லீங்கய்யா. தூங்கினாரு. நல்லா சாப்ட்டாரு. ரெண்டு தபா சோறு வாங்கினாரு. ரோட்டு வரைக்கும் என்கூட சிரிச்சிகினு வந்தாரு."

"எங்களப் பத்தி ஏதாவது சொன்னானா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே தெரியும். அப்பாவைப் பற்றிச் சொன்னார், அம்மாவை நினைத்துக்கொண்டார் என்று ஒரு வார்த்தை சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. நாக்கு வரை வந்தது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாததைச் சொன்னால் அவர் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வார் என்று பட்டது.

"சொல்லலீங்க. நல்லா தூங்கினேன்னு மட்டும் சொன்னாரு. இவ்ளோ தூங்குவேன்னு எனக்கே தெரியாதுன்னாரு."

அவர் தலையாட்டினார். "வீட்டுக்கு வந்திருந்தா நான் கல்யாணப் பேச்சு எடுத்திருப்பேன். அவங்க அம்மா அழுதிருப்பா. எங்க தூங்க விட்டிருப்போம்" என்றார். பிறகு, "நானும் நெனைச்சிப் பாத்தேம்மா, ஒருவேளை வீட்டுக்குத்தான் கெளம்பினானோன்னு. விழுப்புரம் வர்றவன் வளவனூர் வழியாத்தான வரணும். திண்டிவனத்துல இன்னா வேல. மெட்ராஸுக்குத்தான் போய்க்கினு இருந்திருக்கான்."

என் வீட்டுக்காரர் அதற்குள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. ஸ்டேட்மெண்டை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். கார்டு உண்மையில் அவருடையது. அதில் மகனுக்கு ஒரு துணைக் கார்டு எடுத்துக் கொடுத்திருந்தார், ஏதாவது அவசரம் என்றால் இருக்கட்டும் என்று. காரியமெல்லாம் முடிந்த பிறகு தபாலில் ஸ்டேட்மெண்ட் வந்தது. மகன் பெயரின் கீழ் ஒரே ஒரு வரி. ஐஸ் கடை, திண்டிவனம், திங்கட்கிழமை.

மிஷின் எப்படிக் கேட்டு எப்படிப் பதில் வாங்குகிறது, நான் எப்போது செட்டில்மெண்ட் அனுப்பினேன், பெயர் ஏன் அப்படி வந்தது என்று, அந்த மிஷின் பெண் எனக்கு விளக்கிய மாதிரியே பொறுமையாக அவருக்குச் சொன்னேன். திங்கட்கிழமை நான் மிஷினிலிருந்து அனுப்பிய தேதி. அவன் கார்டைக் காட்டியது சனிக்கிழமை காலை. கார்டைப் பர்ஸில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், விழுந்த இடத்தில் எங்கேயாவது தெறித்திருக்கும் என்றேன். சீட்டில் இருந்த நேரத்தைக் காட்டினேன். அவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தக் கரும்பு ஜூஸ்காரரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

திண்டிவனத்துக்கு முன்னால் ரோட்டோரம் ஒருவர் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருந்தார். பைக் விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்கியவர் அவர்தான். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, தானும் ஏறி ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறார். துக்கத்துக்குப் பிறகு பெரியவர் அவரைத் தேடிப்போய்க் கும்பிட்டுவிட்டும் வந்திருந்தார். அப்புறம் ஸ்டேட்மெண்ட் வந்தது. ஐஸ் கடை என்று பார்த்ததும், ஜூஸ் வண்டிக்காரர்தானே தினமும் ஐஸ் வாங்குவார் என்று தோன்றியிருக்கிறது. திண்டிவனம் முழுக்க அந்தப் பெயரில் ஐஸ் கடை தேடினார், இல்லை. ஜூஸ்காரரும் அந்த ஐஸ் கடைக்காரரும் கூட்டு என்று முடிவு செய்துவிட்டார்.

"போயி, நாலு பேர் முன்னாடி கேட்டுட்டேம்மா. சாவற புள்ள பாக்கெட்ல கைய விட்டியான்னு கேட்டுட்டேன். போலீஸ்லயும் எழுதிக் குடுத்தேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். எங்கள் அக்கவுண்டின் பெயர், யாரும் பார்க்காத ஒரு பழைய பெயர், எங்கேயோ போய் யார் தலையிலோ விழுந்திருந்தது.

இப்போதே போக வேண்டும் என்றார் அவர். அவரைத் தனியாக அனுப்ப மனசில்லை. திண்டிவனம் எனக்குப் பிறந்த ஊர், நானும் வருகிறேன் என்றேன். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஆக்சிடெண்ட் நடந்த இடம் வந்ததும் எழுந்துவிட்டார்.

ஜூஸ் வண்டி அங்கே இல்லை. நசுங்கிய கரும்புச் சக்கை கொஞ்சம் மட்டும் காய்ந்து கிடந்தது. பக்கத்துப் பெட்டிக்கடை அம்மாவிடம் கேட்டேன். அவள் பெரியவரை அடையாளம் கண்டுகொண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் மட்டும் பேசினாள்.

"அவரு இங்க போடறதில்ல. போலீஸ்காரங்க கூப்ட்டுக் கூப்ட்டு விசாரிச்சாங்க. யாவாரத்துக்கு வர்றவங்க எல்லாம் இன்னா ஏதுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. வண்டிய வித்துட்டாரு. கமிட்டியில மூட்டை தூக்கறாரு."

கமிட்டி என்றால் மார்க்கெட் கமிட்டி, விவசாயிகள் மூட்டை கொண்டுவந்து போடும் இடம். எனக்கு அங்கே வழி தெரியும். அப்போது வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, வந்து இறங்குகிற சமயம், உள்ளே தூசி. கேட்டுக்கேட்டுக் கண்டுபிடித்தோம். நாற்பது வயது இருக்கும், தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். பெரியவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஓடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

பெரியவர் அவர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்பு என்மேலய்யா. நீ எடுக்கல. யாருமே எடுக்கல. அவனே குடுத்த துட்டு அது. இந்தம்மா கடை அது. நான்தான் தெரியாம..."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். இதை எங்கே வந்து சொல்ல வேண்டுமோ சொல்கிறோம், போலீஸிலும் எழுதிக் கொடுக்கிறோம் என்றேன். அவர் "சரிங்க" என்றார். அவ்வளவுதான். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், அவர் முறை வந்துவிட்டது. குனிந்து மூட்டையை வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் அங்கேயே நின்றோம். பெரியவர் கூப்பிய கையைப் பிரிக்கக்கூட மறந்து நின்றார்.

மூட்டையை அடுக்கிவிட்டு அவரே திரும்பி வந்தார். சாக்கை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் ரோட்ல யாராவது கெடந்தா நான் போறதில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அன்னைக்கே சொல்லணும்னு நெனைச்சேன். நீங்க கேக்கல. ஆட்டோல வரும்போது அவருக்கு நெனப்பு இருந்துச்சுங்க. பேசல. என் கையப் புடிச்சிகினு இருந்தாரு. ஆஸ்பத்திரி வாசல்லதான் விட்டாரு."

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். மல்லாட்டைத் தூசி படிந்த, காய்ப்புக் காய்ச்சிய கை. அதை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரும் வேறு வழியில்லாமல் கூடவே குந்தினார். சுற்றிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

மறுநாள் பெரியவரும் நானுமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். ஜூஸ்காரரை இனிமேல் கூப்பிட மாட்டோம் என்றார்கள். அவருடைய வண்டி திரும்பி வரவில்லை. வாங்கியவர் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டாராம்.

டிஸ்ப்யூட்டைத் திரும்பப் பெறுவதாகப் பெரியவர் தன் பேங்கில் எழுதிக் கொடுத்தார். அதுவும் சுலபமாக நடக்கவில்லை. அவருடைய பேங்க் நெட்வொர்க்குக்குச் சொல்ல வேண்டும், நெட்வொர்க் எங்கள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். பணம் போன வழியிலேயே எல்லாம் திரும்பி வர வேண்டும். அந்தப் பணம் வேண்டாம் என்று விழுப்புரத்துப் பெண்ணிடம் சொன்னேன். "நீங்க வேணாம்னு விட்டா, அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும் அக்கா. யாரோ திருடிப் போட்டதாவே பதிவாவும்" என்றாள். அது கூடாது என்று பட்டது. வாங்கிக்கொண்டேன். பெரியவரிடம் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. "அவன் தூங்கினதுக்குக் குடுத்தது, உங்களுக்குத்தான்" என்றார்.

புது அக்கவுண்ட் தொடங்கி, மிஷினில் பெயரை மாற்றினோம். லைசென்ஸ் காப்பி கேட்டார்கள், அது கேட்டார்கள், இது கேட்டார்கள். கொடுத்தோம்.

சில மாதம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். டிஸ்ப்யூட் முடிகிற வரை கார்டுக் கணக்கை மூட முடியாது என்று பேங்கில் சொல்லியிருந்தார்களாம். அதனால் மாதாமாதம் ஸ்டேட்மெண்ட் வந்துகொண்டே இருந்தது, மகன் பெயர் போட்டு, கீழே ஒன்றுமில்லாமல். இப்போது மூடிவிட்டார்கள். "இனிமே அவன் பேருல எதுவும் வராதும்மா. அவங்க அம்மா போன மாசம் வந்ததை எடுத்து வெச்சிருக்கா" என்றார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கேம்மா. வாரத்துல ஒரு நாள் கமிட்டிக்குப் போறேன். ஒரு ஓரமா உக்காந்துகினு அவரு மூட்டை தூக்கறதப் பாத்துகினு இருப்பேன். சாப்பாட்டு நேரத்துல அவரு வந்து பக்கத்துல உக்காருவாரு."

"என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் பேசறதில்ல" என்றார்.